முகப்பு வரையுமுன்

கட்டடம் எழுப்புவோம் என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது முகப்புத்தான். தூண்கள் எத்தனை, மாடம் எவ்வளவு உயரம் என்று கேட்போர் பலர். உள்ளே யார் எங்கே அமர்வர் என்று கேட்போர் அரியர். ஆயினும், ஒரு கட்டடம் பயன்படுமா படாதா என்பது பெரும்பாலும் முதற் சில தாள்களிலேயே முடிவாகிவிடுகிறது. அந்நிலையிற் பிழையைத் திருத்த ஓர் அழிறப்பர் போதும். அத்திவாரம் இட்டபின் அலவாங்கு வேண்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெண்மாடத்தை வியவாதார் இல்லை. அதனை வரைந்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் என்பதும் பலர் அறிந்ததே. நான் அதனினும் பெரிதாக மதிப்பது வேறொன்று. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனும் அப்பணிக்கு ஆலோசகராக அழைக்கப்பட்டார். சுவரை அறிந்தவரும் வாசகனை அறிந்தவரும் ஒரு வேலையிற் கூடினர். நூலகத்தை வளர்ந்துகொண்டே செல்லும் உயிராகக் கருதியவர் இரங்கநாதன். அக்கருத்தின் உண்மையை எண்களே காட்டும். 1934இல் ஓர் அறையில் 844 நூல்களோடு இருந்த நிலையம், 1981இல் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்தது. கட்டடமும் படிப்படியாகவே வளர்ந்தது. 1959இல் முதற்பகுதி திறக்கப்பட்டது. சிறுவர் பகுதி 1967இலும் கேட்போர் கூடம் 1971இலும் சேர்ந்தன. முதற் படத்தில் வெற்றிடம் விடாதவன் நூலகம் கட்டுபவன் அல்லன், பெட்டி செய்பவன்.

வட்டுக்கோட்டைக்கும் இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே உயர்கல்லூரி ஒன்றை நிறுவ விரும்பியபோது, தமிழ், வடமொழி, ஆங்கிலம், அறிவியல் என்று எவற்றைக் கற்பிப்பது என்பதை ஒரு திட்டமாக எழுதி அச்சிட்டு வெளியிட்டனர். செமினறி அவ்வாண்டே தொடங்கிற்று.

நிற்க. அண்மையில் எங்கள் ஊர் வாசிகசாலைக்குப் புதிய கட்டடம் அமைக்கும் குழுவில் என்னையும் ஒருவனாகச் சேர்த்தனர். இளங் கட்டடக் கலைஞர் ஒருவர் இரண்டு தாள்களை விரித்தார். ஒன்றிலே வண்ணம் தீட்டிய முகப்பு. மேற்கே உள்ள தெருவை நோக்கிப் பெரிய கண்ணாடிச் சுவர். மற்றதிலே வட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளுமே. வாசிப்போர், நூல் அடுக்குகள், சிறுவர், விறாந்தை, கிணறு ஆகியவற்றுள் எது எதனருகே இருத்தல் வேண்டும் என்பதைக் காட்டும் படம் அது. அறைக்கு அளவில்லை; சுவருக்குத் தடிப்பில்லை. எல்லோரும் முகப்பையே சூழ்ந்துகொண்டனர். கண்ணாடிச் சுவருக்கென்றே கனடாவிலுள்ள அன்பர் ஒருவர் பணம் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

அப்போது, நாள்தோறும் பத்திரிகை வாசிக்க வரும் முதியவர் ஒருவர், “தம்பி, நான் இருந்து பேப்பர் வாசிக்கிற இடம் எது?” என்று கேட்டார்.

“இதுதான் ஐயா” என்று மேற்கோரத்து வட்டமொன்றைத் தொட்டார் கலைஞர்.

“பின்னேரம் நாலு மணிக்கு அங்கை வெயில் முகத்திலை அடிக்குமே?”

பிள்ளைகள் வந்து கூடுவதும் ஏறக்குறைய அந்த வேளையில்தான். அதன்பின் பேச்சு திசை மாறிற்று. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும் என்றார் ஒருவர். சோளகம் உள்ளே நுழையச் சாளரம் வேண்டும், வாடைப் பக்கத்து மாரிச் சாரல் நூல்களை எட்டக் கூடாது என்றார் மற்றொருவர். வழுக்கையாற்றை அடுத்த தாழ்நிலமாகையால் தளத்தை உயர்த்தும்படி ஒரு கமக்காரர் வற்புறுத்தினார். நூலகரின் மேசையிலிருந்து வாசலும் சிறுவர் பகுதியும் ஒருங்கே தெரிய வேண்டும் என்பது மட்டும் என் விண்ணப்பம். கலைஞர் முகம் சுளியாது வட்டங்களை அழித்து மீண்டும் வரைந்தார். மேற்கே கண்ணாடி போய், அகன்ற விறாந்தை வந்தது.

கனடா அன்பருக்கு இதனை யார் எழுதி அறிவிப்பது என்பதில்தான் குழு இன்னும் ஒருமனப்படவில்லை.