மணலைக் கணக்குப் பார்த்து ஓட்டியவர்

2001ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் பாரிஸில் கிளம்பிய ராலி வண்டிகள், மொராக்கோ, மொரிட்டானியா, மாலி வழியாகப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஜனவரி 21 அன்று செனகல் நாட்டின் டக்கார் நகரை அடைந்தன. கார் பிரிவில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இருந்த வித்தியாசம் வெறும் 2 நிமிடம் 39 விநாடி. ஜெயித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த யூட்டா கிளைன்ஷ்மிட். டக்கார் ராலியில் ஒட்டுமொத்த வெற்றி பெற்ற முதல் பெண் அவர்தான்.

யூட்டா படித்தது இயற்பியல் சார்ந்த பொறியியல். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். 1988இல் முதன்முதலாக இந்த ராலிக்கு வந்தது மோட்டார்சைக்கிளில். பிறகு வேலையை விட்டுவிட்டுப் பந்தயத்தையே தொழிலாக்கிக்கொண்டு காருக்கு மாறினார். பாலைவனத்தில் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்தால், அந்தப் படிப்பு அவருக்கு எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்பது விளங்கும்.

முதலில் டயர். நான்கு சக்கரங்கள் தாங்கும் 2 டன் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம். டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதன் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமேதான். 30 பி.எஸ்.ஐ. காற்றோடு போனால் டயர் மணலைக் கத்தி போலக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். காற்றைப் பாதியாகக் குறைத்தால், அதே பாரத்தைத் தாங்க டயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பைத் தரையில் விரித்தாக வேண்டும். விரிகிறது, வண்டி மிதந்து போகிறது. ஆனால் தளர்ந்த டயர் கல் தரையில் சீக்கிரம் சூடேறும், பக்கவாட்டில் கிழியும், வளைவில் ரிம்மை விட்டே கழன்றுவிடும். மொரிட்டானியாவில் மணலும் கல்லும் மாறி மாறி வரும். எந்த இடத்தில் எவ்வளவு காற்று என்பதை ஒவ்வொரு தடவையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்து மணல்மேடு. காற்று வீசும் பக்கம் சரிவு குறைவு, மணல் இறுகியிருக்கும். மறுபக்கம் அப்படியில்லை. காற்று தூக்கி வந்து கொட்டிய மணல், உலர்ந்த மணல் நிற்கக்கூடிய உச்ச சரிவான 30 முதல் 34 பாகையில் நின்றுகொண்டிருக்கும். கால் வைத்தால் சரியும். மேலே ஏற வேகம் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் இயக்க ஆற்றல், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், இன்ஜின் துணையில்லாமலே அதை 14 மீட்டர் உயரம் ஏற்றிவிடும். வேகம் 30 ஆகக் குறைந்தால் உயரம் பாதியாவதில்லை. மூன்றரை மீட்டராகச் சுருங்கிவிடும். அப்படியானால் முழு வேகத்தில் பாய்ந்துவிடலாமே? முடியாது. உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது. உச்சியைத் தொடும்போது வண்டியிடம் மிச்சமிருக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் அதிகமானால் கார் பறந்து மூக்கால் விழும். கொஞ்சம் குறைந்தால் உச்சியிலேயே வயிறு தட்டி நிற்கும், இறங்கி மண்வெட்டியால் தோண்ட வேண்டும். எனக்கு இந்த ராலியிலேயே வியப்பூட்டும் இடம் இதுதான். இந்தக் கணக்கைக் காகிதமில்லாமல், வலது பாதத்தால், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை போடுகிறார்கள்.

மணலும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. விடியற்காலையில் மணல் துகள்களுக்கிடையே சிறிதளவு ஈரம் இருந்தாலும் அதன் பரப்பு இழுவிசை துகள்களைக் கட்டிப் பிடிக்கும். வெயில் ஏற ஏற அந்தப் பிடி போய்விடும். நடுப்பகலில் இன்னொரு சிக்கல்: சூரியன் உயர ஏறியதும் நிழல் சுருங்கிவிடும், அதனால் மேடு பள்ளமும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் வண்டி உடையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு குலுக்கலின் ஆற்றலையும் ஷாக் அப்சார்பர் வெப்பமாக மாற்றுகிறது. ஓய்வில்லாமல் குலுங்கினால் உள்ளே எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும், அதிர்வைத் தாங்கும் திறன் குறையும், அடுத்த பள்ளம் நேராகச் சட்டத்தில் இடிக்கும்.

2001இல் கடைசிக்கு முந்தைய நாள் வரை ஜப்பானின் ஹிரோஷி மசுவோகா முன்னிலையில் இருந்தார். அன்று பிரான்சின் ஜான் லூயி ஷ்லெசரும் அவருடைய அணித் தோழரும் தங்கள் முறைக்கு முன்பே கிளம்பி, மசுவோகாவுக்கு வழி விடாமல் முன்னால் ஓடினார்கள். அவர்களை முந்தும் முயற்சியில் மசுவோகாவின் கார் சேதமடைந்து நேரம் போயிற்று. ஷ்லெசருக்கு ஒரு மணி நேரம் தண்டனை விழுந்தது. மிட்சுபிஷி பஜேரோவை ஓட்டி வந்த யூட்டாவும் அவருடைய வழிகாட்டி ஆந்திரியாஸ் ஷுல்ட்ஸும் முதலிடத்துக்கு வந்தார்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். மூன்று வார முடிவில் வண்டி முழுசாகவும், முதலிடத்தைத் தொட்டுவிடும் நேரக் கணக்கோடும் அவர் அங்கே இருந்தார். அடுத்தவர் தடுமாறியது அந்த இரண்டும் இல்லாத யாருக்கும் பயன்பட்டிருக்காது. அந்த வெற்றி தனித்து நிற்பதும் அல்ல. 1999இல் மூன்றாம் இடம், 2002இல் இரண்டாம் இடம், 2005இல் டீசல் இன்ஜின் பொருத்திய ஃபோக்ஸ்வாகன் டுவாரெக்கில் மீண்டும் மூன்றாம் இடம்.

2024இல் ஸ்பெயினின் கிறிஸ்டினா குட்டியேர்ரெஸ் எடை குறைந்த சேலஞ்சர் பிரிவில் வென்றார். கார்களின் முதன்மைப் பிரிவில் யூட்டாவுக்குப் பிறகு இதுவரை எந்தப் பெண்ணும் டக்காரை வெல்லவில்லை.