கடலோர வீடுகளில் புகைபோக்கிச் சோதனை

விறகடுப்பு எரியும் வீட்டில் புகைபோக்கி பழுதுபட்டால், இதயநோயாளர், ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரே மிகுதியாகப் பாதிக்கப்படுவர். கடலோரத்தில் இப்பழுது விரைவில் நேர்கிறது. காற்றிலுள்ள உப்பு தகரக் குழாயின்மீது படிந்து, ஈரத்தை ஈர்த்துத் துருவேற்றுகிறது. உட்புறம் கரி சேர்கிறது; உச்சியில் பறவைகள் கூடு கட்டுவதும் உண்டு. குழாய் அடைபட்டாலோ துளைபட்டாலோ புகை வீட்டினுள் பரவும்.

அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை காய்ச்சலின்றித் தோன்றும். இவை வீட்டிலுள்ள பலருக்கும் ஒருசேர வந்து, வெளியே சென்றதும் தணிந்தால் ஐயுறுக. அவ்வேளையில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இயல்பான அளவையே காட்டக்கூடும். அதை நம்பி வாளாவிருத்தல் ஆகாது.

வடகிழக்குப் பருவமழையில் கதவு, சன்னல்கள் அடைபட்டே இருக்கும். எனவே ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்திற்குள் பின்வருவனவற்றைச் சோதித்திடுக:

1. இணைப்புகளில் துரு, துளை உள்ளனவா?
2. மேல்மூடி உறுதியாக உள்ளதா? கூடு அடைத்துள்ளதா?
3. சுவரில் புதிய கரிக்கறை தென்படுகிறதா?
4. அடுப்பு மூட்டியதும் புகை அறைக்குள் திரும்புகிறதா?

முதல் மூன்றையும் அடுப்பு நன்கு ஆறிய பின்னரே பார்க்கவேண்டும். கூரைமீது ஏறும் பணியைப் பழகியவரிடம் ஒப்படையுங்கள். கரி அகற்றும்போது நோயாளி அங்கே இருத்தலாகாது.

நச்சுப்புகை என ஐயம் எழுந்தால், அனைவரும் உடனே வெளியேறி 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் அடுப்புப்புகை பற்றித் தவறாது கூறுங்கள். உரிய இரத்தப் பரிசோதனைக்கு அதுவே வழிகாட்டும்.