பெரிய வார்த்தை பேசலாமா?

புடைவை வாங்கியதை இங்கிலீஷில் சொல்ல 'பாட்' என்ற குட்டி வார்த்தை போதும். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் அது 'பர்ச்சேஸ்' ஆகிவிடுகிறது! 'பிகின்' என்பது 'கமென்ஸ்' ஆகிறது. பெரிய வார்த்தை சொன்னால்தான் படித்தவள் என்று மதிப்பார்களாம்.

இங்கிலீஷ்காரர்களுக்கும் இந்த ஆசை உண்டு. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையில் பிரெஞ்சு கோலோச்சியது. ஒரே காரியத்துக்கு வீட்டு வார்த்தை ஒன்று, தர்பார் வார்த்தை ஒன்று என்று பல வந்து சேர்ந்தது அப்படித்தான். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். சாப்பாட்டு மேஜையில் கை துடைக்கும் துணியைப் பிரபுக்கள் 'நாப்கின்' என்றே சொல்கிறார்கள். பிரபுக்களைப் போல் தோன்ற ஆசைப்படுகிறவர்களே 'செர்வியெட்' என்கிறார்கள் என்று பர்மிங்ஹாம் பேராசிரியர் ஆலன் ராஸ் 1954-ல் எழுதினார். நாவலாசிரியை நான்ஸி மிட்ஃபர்ட் அதைப் பிரபலப்படுத்தியதும் ஊரெல்லாம் இதே பேச்சாயிற்று.

அப்படியானால் அபூர்வச் சொல்லே கூடாதா? யார் சொன்னது! காணாமற்போன சாவியைத் தேடுகிறீர்கள். பெட்டிக்கு அடியில் அம்மாவின் பழைய கடிதம் அகப்படுகிறது. தேடாத நல்லது இப்படி வாய்ப்பதற்கு 'செரண்டிபிட்டி' என்று பெயர். ஹொரேஸ் வால்போல் என்பவர் 1754-ல் ஒரு கடிதத்தில் உண்டாக்கிய சொல் இது. செரண்டிப் நாட்டு இளவரசர் மூவரின் கதையிலிருந்து எடுத்தார். செரண்டிப் எது தெரியுமோ? சாட்சாத் நம் இலங்கைதான்! இதற்கு ஈடாகச் சின்ன வார்த்தை கிடையாது. ஆகவே தாராளமாகச் சொல்லுங்கள். 'பர்ச்சேஸு'க்கு அந்த நியாயம் இல்லையே.

புத்தகத்தில் மட்டும் பார்த்த வார்த்தையிடம் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். போட்டோவில் பார்த்த மாப்பிள்ளை மாதிரி அது, குரல் எப்படியோ! 'எபிடோம்' என்று எழுத்தைப் பார்த்துப் படிக்கிறோம், உச்சரிப்போ 'இபிட்டமி'. அகராதியைப் புரட்டி, வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அர்த்தத்தையும்தான். ஷெரிடன் 1775-ல் எழுதிய நாடகத்தில் மிஸஸ் மாலப்ராப், முதலைக்கு 'அலிகேட்டர்' என்பதற்குப் பதில் 'அலிகரி' என்று உருவகக் கதையைச் சொல்லி வைக்கிறாள். அந்த மாதிரி உளறலுக்கு இன்றுவரை அவள் பெயர்தான்!

சொல்லும்போது வார்த்தைக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். சொன்ன பிறகு சுற்றுமுற்றும் பார்க்காதீர்கள். கேட்பவள் விழித்தால், "தேடாமலே கிடைத்ததடி!" என்று எளிதாகச் சொல்லிவிட்டு மேலே போங்கள். சாவி கிடைத்ததா என்பதுதானே அவளுக்குத் தெரிய வேண்டும்?