மஞ்சாடி முதல் காரட் வரை: மணிகளின் எடை அறிவோம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில், மலைமேல் சந்திரசூடேசுவரர் எழுந்தருளியிருக்கிறார். உடனுறை அம்பிகையின் திருநாமம் மரகதாம்பாள். நவமணிகளுள் ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்த அன்னையின் ஊர், இன்று தொழிற்பேட்டைகள் சூழ்ந்த நகரம். டைட்டன் நிறுவனத்தின் நகைத் தொழிற்சாலையும் 1990-களிலிருந்து இங்கே இயங்கி வருகிறது.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் ஊர் இது. நாம் குன்றிமணி என்பதைக் கன்னடத்தார் குலகஞ்சி என்பர். தெலுங்கர் குரிவிந்த என்பர். வடநாட்டு வணிகர் ரத்தி என்பர். விதை ஒன்றே. ஆனால் அந்த விதையின் பெயரால் சொல்லப்படும் எடை எல்லா இடங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. ராசிக்கல் வாங்கும் குடும்பத்தாரும், சுவாமிக்கு நகை சாத்த விழையும் அன்பர்களும் இதனை அறிந்திருப்பது அவசியம்.

விநாயகர் கண்ணும் தராசுத் தட்டும்

விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கப்படும் குன்றிமணிதான், பொற்கொல்லர் தராசில் எடைக்கல்லாகவும் இருந்தது. அழகிய அந்த விதை நச்சுத்தன்மை உடையது. பூஜை முடிந்ததும் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வைத்துவிட வேண்டும். 2 குன்றி சேர்ந்தால் 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி சேர்ந்தால் 1 கழஞ்சு. இன்றைய கணக்கில் கழஞ்சு என்பது ஏறக்குறைய 5 கிராமுக்குச் சற்று மேல். மன்னார் வளைகுடாவில் குளிக்கப்பெற்ற முத்துகளும் கழஞ்சு, மஞ்சாடிக் கணக்கிலேயே நிறுக்கப்பட்டன.

இக்கணக்கு எத்துணை நுட்பமாகக் கையாளப்பட்டது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. முதலாம் ராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த அணிகலன்களின் விவரம் அங்கே கல்வெட்டுகளில் இடம்பெற்றுள்ளது. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் கல்லும், மணிகளையும் நகைகளையும் நிறுக்க ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லும் பயன்பட்டன. இரண்டுமே இறைவனின் திருநாமங்கள். எடைக்கல்லுக்கு ஆண்டவன் பெயரை இட்டபின் எடையில் பொய் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அக்கல்வெட்டுகளில் இன்னொரு நேர்மையும் காணக் கிடைக்கிறது. முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை எனத் தரம் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். வைரங்களில் புள்ளியும் கீற்றும் இருந்தால் அவற்றையும் மறைக்காமல் குறித்திருக்கிறார்கள். நகையின் எடையில் அரக்கும் சட்டமும் சேர்ந்திருந்தால், அவை சேர்ந்த எடை என்றே எழுதியிருக்கிறார்கள். மன்னன் கொடுத்த பொருளாயினும் உள்ளது உள்ளபடியே பதிவாயிற்று.

காரட் பிறந்த கதை

நமக்குக் குன்றிமணி போல, மத்தியதரைக் கடல் நாட்டாருக்குக் கரோப் என்னும் மரத்தின் விதை எடைக்கல்லாக இருந்தது. அதிலிருந்தே காரட் என்ற சொல் வந்தது. அந்தக் காரட்டும் ஊருக்கு ஊர் சில மில்லிகிராம் வேறுபட்டது. 1907-இல் கூடிய உலக நாடுகளின் எடை அளவு மாநாடு, 1 காரட் என்பது 200 மில்லிகிராம் என வரையறுத்தது. ஆகவே 5 காரட் சேர்ந்தால் 1 கிராம். ஒரு காரட்டை நூறாகப் பிரித்தால் வருவது 1 சென்ட். அதாவது 2 மில்லிகிராம். முத்து வணிகத்தில் வழங்கும் கிரெயின் என்பது கால் காரட். அதாவது 50 மில்லிகிராம்.

பொன்னுக்குச் சொல்லும் காரட் வேறு என்பதையும் மறக்கலாகாது. அது எடையன்று, தரம். 24 பங்கில் 22 பங்கு தங்கம் இருப்பது 22 காரட். அதையே 916 என்கிறோம்.

ரத்தியில் உள்ள சிக்கல்

பழைய தோலா 11.66 கிராம், அதில் 96-இல் ஒரு பங்கு ரத்தி. அந்தக் கணக்கில் 1 ரத்தி ஏறத்தாழ 121 மில்லிகிராம். ராசிக்கல் வணிகத்தில் பலர் சொல்லும் ரத்தியோ ஏறத்தாழ 182 மில்லிகிராம். ஜோதிடர் 5 ரத்தியில் புஷ்பராகம் அணியச் சொல்கிறார் என்று கொள்வோம். முதல் கணக்கில் அது ஏறத்தாழ 3 காரட். இரண்டாம் கணக்கில் 4.55 காரட். இடையே உள்ள வேறுபாடு ஒன்றரைக் காரட். பெரிய கணக்கில் விலை பேசி, சிறிய கணக்கில் கல்லைக் கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு பணம் வீணாகும். எந்த ரத்தி என்று ஜோதிடரிடமும் கடைக்காரரிடமும் கேட்டுத் தெளிந்து, எடையைக் காரட்டிலும் மில்லிகிராமிலும் ரசீதில் எழுதி வாங்குவதே முறை. தராசில் எடை அளவுத் துறையின் நடப்பு ஆண்டு முத்திரை உள்ளதா என்றும் பார்க்கலாம்.

கல் பதித்த நகை

கல் பதித்த நகையில் கல்லின் எடைக்கும் தங்க விலை கொடுத்துவிடுவது பலருக்கு நேரும் இழப்பு. 40 கிராம் எடையுள்ள ஓர் அட்டிகையில் 15 காரட் கற்கள் இருந்தால், கல்லின் எடை 3 கிராம்; பொன் 37 கிராமே. மொத்த எடைக்கும் பொன் விலை போட்டால் 3 கிராம் தங்கத்தின் விலை கூடுதலாகப் போகிறது. ஹால்மார்க் நகைக்கான ரசீதில் பொன்னின் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட வேண்டும்.

இதே கவனம் காணிக்கைக்கும் பொருந்தும். நகையைச் சமர்ப்பிக்கும்போது மொத்த எடை, கற்களின் எண்ணிக்கை, கற்களின் எடை, பொன்னின் நிகர எடை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கொடுத்து, கோயில் பதிவேட்டில் அவ்வாறே ஏறியதைப் பார்த்து ரசீது பெறுவது நல்லது. நகைகளைச் சரிபார்ப்பதற்கென்றே இந்து சமய அறநிலையத் துறையில் அலுவலர்கள் உள்ளனர். பின்னாளில் அவர்கள் சரிபார்க்கையில் ஒரு கல் குறைந்தாலும் மாறினாலும் தெரிய வேண்டுமானால், முதல் நாள் குறிப்பு தெளிவாக இருக்க வேண்டும்.

வீட்டு நகைகளுக்கும் இதுபோல ஒரு குறிப்பு இருத்தல் நலம். பாட்டியின் வைரத்தோட்டில் எத்தனை கல், எவ்வளவு எடை என்பது பாட்டிக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகளிடையே மனத்தாங்கல் வர இடமுண்டு. ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டு நகைப் பெட்டியில் வைத்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் எழுதி வைத்தார்கள். நமக்கு ஒரு தாள் போதும்.