தண்ணீருக்கு மிரளும் இளங்குதிரை

குதிரை என்றதும் எங்களில் பலருக்கு நெடுந்தீவுதான் நினைவுக்கு வரும். அங்குள்ள குதிரைகள் எவருடைய பட்டியிலும் அடைபடாமல் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. ஆனால் உலகின் பல நாடுகளில் இன்றும் குதிரைகளைச் சவாரிக்கும் விளையாட்டுக்கும் மந்தை மேய்ப்பதற்கும் பழக்குகிறார்கள். அப்படிப் பழக்குபவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. வயல்வெளியில் காற்றாய்ப் பறக்கும் இளங்குதிரை, ஒரு சாண் ஆழமான ஓடையின் கரையில் வந்து நின்றுவிடும். இழுத்தாலும் வராது, தட்டினாலும் வராது. கண்ணை உருட்டிக்கொண்டு பின்வாங்கும்.

நாம்பனை முதன்முதலாக நுகத்தில் பூட்டியவர்களுக்கும், கன்றை வாய்க்கால் தாண்டி ஓட்டியவர்களுக்கும் இந்த நிலை ஓரளவு விளங்கும். அந்தக் குதிரையின் அச்சத்தை எப்படித் தெளிவிக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். குதிரை வளர்க்காத எங்களுக்கும் அதில் எடுத்துக்கொள்ளச் சில விடயங்கள் இருக்கின்றன.

ஏன் மிரளுகிறது?

குதிரை பிடிவாதத்தினால் நிற்பதில்லை. அது இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது. அதற்குக் கொம்பும் இல்லை, கூரிய பல்லும் இல்லை. ஆபத்து வந்தால் அதன் முதல் வழி ஓட்டம்தான். ஓடுவதற்குக் காலடியில் உறுதியான நிலம் வேண்டும். நிலம் தெரியாத இடத்தில் கால் வைப்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை.

அதன் பார்வையும் எங்களுடையதைப் போன்றதல்ல. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குத் தெரியாத இடங்கள் உண்டு. தூரத்தையும் ஆழத்தையும் அளவிடும் திறனும் மட்டானதே. தண்ணீரின் மேற்பரப்பு வெயிலில் பளபளக்கும், வானத்தைக் காட்டும், காற்றில் அசையும். அதன் கீழே ஒரு சாண் ஆழமா, ஓர் ஆள் ஆழமா என்று குதிரைக்குத் தெரியாது. தலையைத் தாழ்த்தி மணந்து பார்த்தும், முன்னங்காலால் தட்டிப் பார்த்தும்தான் அது அறிந்துகொள்ளும். எனவே தண்ணீர் ஓரத்தில் கயிற்றை இறுக்கித் தலையை உயர்த்திப் பிடிப்பவர், அதற்கு அறியும் வழியையே அடைத்துவிடுகிறார்.

இவ்வளவுக்கும் குதிரை இயல்பாகவே நீந்தத் தெரிந்த விலங்கு. அதன் அச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அடிநிலத்தைப் பற்றியதே.

அடித்தால் என்ன நடக்கும்?

அடித்தும் இறக்கலாம். வலி தாங்காமல் சில குதிரைகள் பாய்ந்து இறங்கிவிடும். ஆனால் அன்றிலிருந்து தண்ணீரும் அடியும் அதன் நினைவில் ஒன்றாகிவிடும். குதிரையின் ஞாபகசக்தி நல்லது. அடுத்த தடவை ஓடையைத் தூரத்தில் கண்டதுமே திரும்பி ஓடப் பார்க்கும். முதுகில் ஆள் இருந்தால் அவருக்கும் ஆபத்து.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்கப் படைவீரரும் எழுத்தாளருமான செனபோன், குதிரையேற்றம் பற்றிய தமது நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். கோபத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்பது அவருடைய அறிவுரை. அஞ்சும் பொருளை நீங்களே முதலில் தொட்டுக் காட்டி, குதிரையை மெல்ல அதன் அருகே கொண்டுசெல்ல வேண்டும். அடித்தால், அந்த வலிக்குக் காரணம் அந்தப் பொருள்தான் என்று குதிரை நினைத்து, முன்னையிலும் அதிகமாக அஞ்சும் என்கிறார். போர்க்களத்துக்குக் குதிரை பழக்கிய ஒருவர் இப்படி எழுதியிருப்பது கவனிக்கத்தக்கது.

தாயின் பின்னால் இறங்கும் குட்டிகள்

பிரான்ஸின் தெற்கே, ரோன் ஆறு கடலோடு சேரும் இடத்தில் கமார்க் என்னும் சதுப்பு நிலம் இருக்கிறது. அங்குள்ள வெள்ளைக் குதிரைகள் பெயர் பெற்றவை. அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது கருமையாகவோ மண்ணிறமாகவோ இருந்து, வளர வளர வெளுக்கும். தாயின் பின்னால் சேற்றிலும் தண்ணீரிலும் நடந்தே வளர்வதால், அவற்றுக்குத் தண்ணீர் ஒரு புதுமையாகத் தோன்றுவதில்லை.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலக் கரையில் அசற்றீக் என்ற தீவு உள்ளது. அங்குள்ள சிறிய இனக் குதிரைகளை, 1925 ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கப்படி, யூலை மாதத்தில் ஒடுங்கிய கடலைக் கடந்து அயலிலுள்ள சிங்கோற்றீக் தீவுக்கு நீந்தவிடுவார்கள். குட்டிகளில் பலவற்றை ஏலத்தில் விற்று, ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படைக்குப் பணம் சேர்ப்பார்கள். நீர் ஏறாமலும் வற்றாமலும் நிற்கும் வேளை பார்த்தே மந்தையை இறக்குகிறார்கள். அந்த வருடம் பிறந்த குட்டிகளும் தாய்மாரின் அருகில் நீந்திக் கரை சேரும்.

தாயில்லாமல் தொழுவத்தில் வளர்ந்த குதிரைக்கு இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் மனிதர்கள் படிப்படியாகப் பழக்க வேண்டியிருக்கிறது.

பழக்கும் முறை

முதற்படி தண்ணீரில் தொடங்குவதில்லை. பலகை, சாக்கு, விரித்த படங்கு போன்றவற்றின் மேல் நடத்திப் பழக்குவார்கள். கூட வருபவர் தன்னை ஆபத்தில் விடமாட்டார் என்ற நம்பிக்கை அங்கேதான் உருவாகிறது. பிறகு றப்பர் குழாயால் குளம்பில் மெல்லத் தண்ணீர் விடுவார்கள். அது பழகியதும் முழங்கால் வரை. மழை பெய்து ஓய்ந்தால், பாதையில் தேங்கிய நீரினூடாக நடத்துவார்கள்.

அதன் பின்னரே ஓடை. இடத்தைத் தெரிவு செய்வதில் மிகுந்த கவனம் தேவை. கரை சரிவாக இருக்க வேண்டும். அடியில் மணலோ பரலோ உறுதியாக இருக்க வேண்டும். நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். பழக்குபவர் முதலில் தாமே இறங்கி, புதைசேறு, கண்ணாடித்துண்டு, கம்பி ஏதும் இல்லை என்று உறுதி செய்வார். முதல்நாளிலேயே கால் புதைந்தால், குதிரையின் அச்சம் சரியானதே என்று நாங்களே நிரூபித்தது போலாகிவிடும்.

தண்ணீருக்குப் பழகிய, அமைதியான மூத்த குதிரை ஒன்றைக் கூட்டிச் செல்வது பெரிய உதவி. அது முதலில் இறங்கித் தண்ணீரில் சும்மா நிற்கும். இளையது பார்த்துக்கொண்டிருக்கும். மூத்தது அக்கரைக்குப் போய்விடக் கூடாது. தனித்து விடப்பட்டோம் என்று தோன்றினால் இளையது கலங்கிவிடும்.

பழக்குபவர் குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நிற்பார், நேர் முன்னால் நிற்பதில்லை. ஏனென்றால் பல குதிரைகள் முதல் தடவை நடந்து இறங்காமல் ஒரேயடியாகப் பாயும். தலைக்கவசம், கையுறை, தடித்த சப்பாத்து அணிந்திருப்பார். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ள மாட்டார்.

கயிற்றில் இலேசான இழுப்பு மட்டுமே கொடுப்பார். குதிரை ஓரடி வைத்தால், அல்லது முன்னோக்கிச் சற்றுச் சாய்ந்தாலே போதும், அந்தக் கணமே இழுப்பைத் தளர்த்துவார். எந்தச் செயலுக்குப் பின் ஆறுதல் கிடைத்தது என்பதிலிருந்தே குதிரை கற்றுக்கொள்கிறது. அது நிற்கலாம், மணக்கலாம், காலால் தட்டலாம், இரண்டடி பின்வாங்கவும் செய்யலாம். அதன் மிரட்சி கூடுவதற்கு முன்னரே அவர் தாமாகவே சற்றுத் தூரம் அழைத்துச் சென்று, மறுபடி கொண்டுவருவார். திரும்பிப் போகும் வழி அடைபடவில்லை என்று தெரிந்த பின்னர்தான் பல குதிரைகள் முன்னே வருகின்றன.

தண்ணீரில் இறங்கியதும் அவசரமாகக் கரையேற்றாமல், அமைதியாக நிற்க விட்டுக் கழுத்தைத் தடவிக் கொடுப்பார்கள். நீரைத் தொடர்ந்து காலால் அடித்து முழங்காலை மடக்கினால், அது உருளப் போகிறது என்று அறிந்து முன்னே நடத்திவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை நன்றாக இறங்கி ஏறினால் அன்றைக்குப் போதும். மறுநாள் மீண்டும். இந்த ஓடையில் பழகிய குதிரை இன்னோர் ஓடையில் மறுபடி தயங்கக்கூடும். அப்போது சலிக்காமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் களத்தில் பெண்கள்

ஒழுங்கு நடை, திறந்தவெளி ஓட்டம், தடை தாண்டல் மூன்றும் சேர்ந்த குதிரையேற்றப் போட்டியில் தண்ணீர்த் தடை முக்கியமான ஒன்று. இங்கிலாந்தின் பட்மின்ரனில் 1949 இல் தொடங்கிய போட்டியின் ஏரித் தடை உலகப் பிரசித்தம். 1954 இல் மார்கரெட் ஹவ் அங்கு வெற்றி பெற்ற முதற்பெண் ஆனார். ஆனால் ஒலிம்பிக்கில் இப்பிரிவு பெண்களுக்குத் திறக்கப்பட்டது 1964 இல்தான். அவ்வாண்டு ரோக்கியோவில் அமெரிக்காவின் லானா டு பொன்ற், சேற்றில் குதிரையோடு இரண்டு தடவை விழுந்தும் எழுந்து ஓட்டத்தை முடித்தார். அவருடைய குழுவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. 2021 இல் அதே ரோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், ஜேர்மனியின் யூலியா கிரயெவ்ஸ்கி இப்பிரிவின் தனிநபர் தங்கத்தை வென்ற முதற்பெண் ஆனார்.

இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் போட்டி இல்லை. அரைத் தொன் நிறையுள்ள குதிரையை எவருடைய கைப்பலமும் அடக்காது என்பதால், பொறுமையும் குதிரையின் நம்பிக்கையுமே இருபாலாருக்கும் கைகொடுக்கின்றன.

எங்கள் வீடுகளில்

2004 இல் கடல் பொங்கிய பிறகு, எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கரைக்கே வர மறுத்தார்கள். குண்டுச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், வெடி கேட்டால் இன்றும் பதறுகிறார்கள். அவர்களைப் பார்த்து, இதற்கெல்லாமா பயம் என்று அதட்டுவதும், கையைப் பிடித்து இழுப்பதும் எங்களிடையே நடப்பதுதான். பிள்ளை குதிரையல்ல. ஆனாலும் அச்சத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று முதலில் ஏற்றுக்கொள்வது இருவருக்கும் பொருந்தும்.

ஒரு சட்டித் தண்ணீரில் விளையாட விடலாம். அக்காவோ அண்ணாவோ முன்னே போகட்டும். அலை தொடாத தூரத்தில் அம்மா மணலில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். காலில் நுரை பட்டதும் போவோம் என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கு எழுந்து வந்துவிடலாம். நாளைக்கு இன்னும் ஓரடி. உறக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் பயம் நீடித்தால், வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ தயங்காமல் கூட்டிச் செல்லுங்கள்.

சகோதரிகளே, பிள்ளைக்குக் கொடுக்கும் இந்த அவகாசத்தை உங்களுக்கும் கொடுங்கள். உங்களுடைய அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. அது தெளிவதற்கும் நாள் எடுக்கும்.