வடிகால் குழாய் பொருத்திய பின் வரும் 6 வாரங்கள்

“அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதே, இனியும் சொட்டு மருந்து எதற்கு?” என்று பைக்காரா பகுதியிலிருந்து வருவோர் எம்மிடம் கேட்பதுண்டு.

கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாவிடில் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு நலியும். இதுவே கண் அழுத்த நோய். இழந்த பார்வை மீளாது; எஞ்சியதைக் காக்கலாம். மருந்தும் பிற சிகிச்சைகளும் போதாதபோது வடிகால் குழாய் பொருத்துகிறோம்.

அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த மதுரை ஆரோலேப் நிறுவனத்தின் கருவி 2013 முதல் குறைந்த விலையில் கிடைக்கிறது. அதன் மெல்லிய சிலிக்கோன் குழாய், கண்ணின் நீரை 350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள தகட்டிற்குக் கொண்டு செல்லும். அங்கே சுற்றியுள்ள திசு அதனை உறிஞ்சிக்கொள்ளும்.

இக்கருவியில் வால்வு இல்லை. எனவே அழுத்தம் ஒரேயடியாகச் சரியாதிருக்க, குழாயைக் கரையும் நூலால் கட்டிவிடுகிறோம். தகட்டைச் சுற்றித் திசுவுறை உருவானபின், ஏறத்தாழ 5 அல்லது 6 வாரங்களில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது சொட்டு மருந்தே. அதனைத் தாமாக நிறுத்தலாகாது.

குழாய் திறக்கும் நாள்களில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து பார்வை மங்கக்கூடும். மழைக்காலத்தில் உதகைக்கு வருவது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும் அவ்வாரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். வலி, சிவப்பு, பார்வைக் குறைவு தோன்றினால் குறித்த நாள்வரை காத்திராமல் உடனே நோயாளியை அழைத்து வாருங்கள்.