சக்கரம் இல்லாத ஜீரோ

இரண்டாம் உலகப் போரின் விமானங்களை மாடலாகச் செய்து அடுக்குபவர்களின் அலமாரியில் ஜப்பானின் ஜீரோ பெரும்பாலும் இருக்கும். அதே உடலும் அதே இறக்கையுமாக, வயிற்றுக்கு அடியில் நீளமான மிதவை ஒன்றைச் சுமந்து நிற்கும் அதன் உடன்பிறப்பை வைத்திருப்பவர்கள் குறைவு. நாகாஜிமா நிறுவனம் தயாரித்த ஏ6எம்2-என் அது. நேச நாடுகள் அதற்கு வைத்த சங்கேதப் பெயர் ரூஃப். தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பிப் போய்ச் சண்டையிட்ட விமானம்.

ஜீரோ மாடல் செய்து பழகியவர்கள், அதே கிட்தான், மூன்று மிதவைகள் மட்டும் கூடுதல் என்ற நினைப்போடு இந்தப் பெட்டியைத் திறப்பதுண்டு. பாகங்களை மேசையில் பரப்பினால் அந்த நினைப்பு கலைந்துவிடும். சக்கரம் மடங்கி ஒடுங்கும் குழிகள் இறக்கையில் இல்லை, மூடிவிட்டார்கள். வால் சக்கரம் இல்லை. விமானம் தாங்கிக் கப்பலில் இறங்கும்போது கம்பியைக் கவ்வும் கொக்கியும் இல்லை. வாலுக்கு அடியில், ஜீரோவில் காணாத செங்குத்துத் தகடு ஒன்று முளைத்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் தண்ணீர்தான். அந்தக் காரணங்களைப் புரிந்துகொண்டு செய்கிறவரின் மாடலும், வரைபடத்தில் உள்ள எண்களைப் பார்த்து ஒட்டிக்கொண்டே போகிறவரின் மாடலும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த விமானத்தில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

மிதவை எதற்கு? பசிபிக் கடலின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கான மைல் பரப்பில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகள். அங்கே ஓடுதளம் போடக் காட்டை அழிக்க வேண்டும், பவளப் பாறையை உடைக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆள்பலம் வேண்டும். அமெரிக்கர்களிடம் இருந்த அளவுக்கு மண் தள்ளும் இயந்திரங்கள் ஜப்பானியர்களிடம் இல்லை. ஆனால் தீவைச் சுற்றி அலையடங்கிய நீர்ப்பரப்பு இருக்கிறது. அதையே ஓடுதளமாக்கிக்கொண்டால் படை இறங்கிய கையோடு விமானப் பாதுகாப்பும் வந்துவிடும். 1940-இல் ஜப்பானியக் கடற்படை, மிதவை பூட்டிய புதிய சண்டை விமானம் ஒன்றை வடிவமைக்கும்படி கவானிஷி நிறுவனத்தைக் கேட்டது. அது உருவாகி வர நாளாகும் என்பதால், இடைக்கால ஏற்பாடாக ஜீரோவுக்கே மிதவை பூட்டும் வேலை நாகாஜிமாவிடம் போனது. 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்த அதே நாட்களில், முதல் விமானம் பறந்தது. 1943 செப்டம்பரில் உற்பத்தி நிற்கும்வரை மொத்தம் 327 விமானங்கள் தயாராயின.

நடுவில் ஒரு பெரிய மிதவை. முன்னோக்கிச் சாய்ந்த ஒரு தண்டும், அதற்குப் பின்னால் 'வி' வடிவத் தாங்கியும் அதை உடலோடு பிணைக்கின்றன. இரண்டு இறக்கைகளுக்கு அடியிலும் ஒற்றைக் காலில் தொங்கும் சிறிய மிதவைகள், விமானம் பக்கவாட்டில் கவிழாமல் பார்த்துக்கொள்ள. ஜீரோ வயிற்றில் கட்டிப் பறக்கும் கூடுதல் எரிபொருள் தொட்டிக்கு இங்கே இடமில்லை. அதனால் பெரிய மிதவைக்குள்ளேயே எரிபொருள் தொட்டி வைத்தார்கள். இத்தனையும் சேர்ந்து வெற்று விமானத்தின் எடையில் 200 கிலோவுக்கு மேல் கூட்டின. 940 குதிரைத்திறன் சாகாயே எஞ்சின் அதேதான். காற்றைக் கிழித்துப் போக வேண்டிய உடலுக்கு அடியில் ஒரு படகு தொங்கும்போது வேகம் குறையாமல் என்ன செய்யும்? சாதாரண ஜீரோ மணிக்கு 530 கிலோமீட்டரைத் தொட, ரூஃப் 435-ஓடு நின்றது. ஜீரோவின் புகழ்பெற்ற லாகவத்திலும் ஒரு பங்கு போயிற்று. வாலுக்கு அடியில் முளைத்த தகட்டுக்கும் காரணம் மிதவைதான். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பக்கவாட்டுப் பரப்பில் காற்று மோதி மூக்கைத் திருப்பப் பார்க்கும். அதை ஈடுகட்ட வாலில் பரப்பைக் கூட்டினார்கள்.

இனி மேசைக்கு வருவோம். டாமியாவின் 1/48 கிட் பழசு. ஆனாலும் வடிவம் கச்சிதம். ஹசெகாவா 1/72 அளவில் தந்திருக்கிறது. செக் நாட்டின் எடுவார்ட் அண்மையில் 1/48-இல் கொண்டுவந்தது நுணுக்கத்தில் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. முதல் முறை செய்கிறவருக்கு 1/48 என்பதே என் பரிந்துரை. அந்த அளவில் 12 மீட்டர் இறக்கை 25 சென்டிமீட்டராகச் சுருங்கும். மேசையை அடைக்காது, கைக்கும் பிடிபடும்.

விமானி அறை, எஞ்சின், உடல் எல்லாம் எந்த ஜீரோ கிட்டிலும் வருகிற வேலைதான். மிதவையைக் கையில் எடுக்கும்போதுதான் இந்த மாடல் தொடங்குகிறது. பெரும்பாலும் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக வார்த்திருப்பார்கள். ஒட்டியதும் மேலே ஒரு கோடு, அடியில் ஒரு கோடு என்று மூட்டு தெரியும். புட்டி பூசி உப்புத்தாளால் தேய்த்து அதை மறைக்க வேண்டும். மேல்புறம் சுலபம். அடிப்புறத்தில்தான் கவனம் வேண்டும். நடுவில் ஓடும் கூரான முதுகெலும்பும், ஏறக்குறைய பாதி நீளத்தில் வரும் 'படி'யும் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் படியை அழகுக்காக வைக்கவில்லை. வழவழப்பான அடிப்பரப்பைத் தண்ணீர் விடாமல் பற்றி இழுக்கும். எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் விமானம் மேலே கிளம்பாது. வேகமெடுக்கும்போது படிக்குப் பின்னால் காற்று புகுந்து அந்தப் பிடிப்பை அறுத்துவிடும். விமானத்தைக் கடலிலிருந்து விடுவிப்பதே அந்தச் சிறு வெட்டுதான். அவசரமாகத் தேய்த்தால் முதலில் மழுங்குவதும் அதுவே. படியின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பாதுகாத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் குச்சியில் மெல்லிய உப்புத்தாளை ஒட்டி, முதுகெலும்பின் இரு பக்கமும் தனித்தனியாக, ஒரே திசையில் இழுத்துத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்க்கவே கூடாது.

அடுத்தது நேர்கோடு. மூன்று மிதவைகளும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் பெரிய மிதவை, வாலின் செங்குத்துத் தகட்டோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும்; சிறியவை இரண்டும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். 1/48-இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு சாய்வைத் தொழிற்சாலையில் எந்த மேற்பார்வையாளரும் விட்டிருக்க மாட்டார், நாமும் விடக்கூடாது. மாடலைத் தலைகீழாகத் தெர்மாகோலில் படுக்க வைத்து, பின்னால் கிராஃப் தாளைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டால் கட்டங்களே சாய்வைக் காட்டிக்கொடுக்கும். தொட்டதும் பிடித்துக்கொள்ளும் தண்ணீர்ப் பசை இந்த இடத்துக்கு உதவாது. மெதுவாக இறுகும் கெட்டிப் பசையைப் பூசி, கோணத்தைச் சரிபார்த்து, நகர்த்தி, மறுபடி பார்த்து, இரவு முழுக்க அசையாமல் விட்டுவிட வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் காட்டும் பொறுமைதான் மாடலின் தரத்தைத் தீர்மானிக்கிறது. வண்ணமெல்லாம் அதற்குப் பிறகு.

வண்ணத்தில் பலருக்கும் ஒரு சபலம் வரும். ஜப்பானிய விமானம் என்றாலே பச்சைப் பூச்சு உரிந்து, அலுமினியம் திட்டுத் திட்டாகப் பல்லிளிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தீவுகளில் அவசரமாகப் பூசிய பச்சை அப்படி உரிந்தது உண்மை. தொழிற்சாலையில் முறையாக அடிப்பூச்சு கொடுத்துப் பூசிய சாம்பல் அப்படி எளிதில் உரிகிற ரகமல்ல. 1942-இல் களமிறங்கிய ரூஃப்கள் பச்சை கலந்த சாம்பல் நிறம், எஞ்சின் மூடி மட்டும் கருப்பு. அவற்றின் மேல் வெள்ளித் திட்டுகளை அள்ளித் தெளிப்பது வரலாற்றுக்கும் பொருந்தாது, கண்ணுக்கும் உறுத்தும். இந்த விமானத்தின் முதுமை வேறு விதம். காற்றாடி வாரியடிக்கும் உப்புத் தண்ணீர் இறக்கையின் அடியிலும் வயிற்றிலும் காய்ந்து வெண்மையாகப் படியும். மிதவையின் நீர்க்கோட்டுக்கு மேலே மங்கலான கறை இருக்கும். வெளிறிய சாம்பல் எண்ணெய்ச் சாயத்தைத் துளியாக வைத்து, ஈரத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தால் அது கிடைத்துவிடும். மிதவையின் மேல் சிவப்புக் கோட்டை மறக்கவே கூடாது. காற்றாடி சுழலும் இடம், இங்கே கால் வைக்காதே என்று தரைப் பணியாளருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. இன்னொன்று: நம் ஊர் மழைக்காலக் காற்றில் லாக்கர் பெயின்டை ஏர்பிரஷ்ஷில் அடித்தால் பூச்சு வெளுத்துப்போகும். வெயில் உள்ள பகலில் அடிப்பதே நல்லது.

எந்த விமானத்தைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும்போது வரலாறு தானாக வந்து உட்காரும். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கிஸ்காவையும் அட்டுவையும் ஜப்பானியர்கள் 1942 ஜூனில் பிடித்தார்கள். கிஸ்கா துறைமுகத்தில் நின்ற ரூஃப்கள்தான் அங்கே அவர்களுடைய சண்டை விமானங்கள். குண்டு வீச வந்த நாலு எஞ்சின் அமெரிக்க விமானங்களை இவை எதிர்கொண்டன. எதிரியைவிட மோசமானது வானிலை. மூடுபனியும் சூறைக்காற்றும் நங்கூரத்தில் கிடந்த விமானங்களையே அடித்து நொறுக்கின. கிஸ்காவில் ஓடுதளம் போடத் தொடங்கினார்கள்; கடைசிவரை முடியவில்லை. 1943 ஜூலை இறுதியில் 5,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் பனிமூட்டத்தின் மறைவில் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஆகஸ்டில் 30,000-க்கும் அதிகமான நேசப் படையினர் வந்து இறங்கியது ஆளில்லாத தீவில்.

அட்டுவில் ஒரு சின்னக் கிராமம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த உனங்கன் மக்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஜப்பானியர்கள் ஹொக்கைடோவின் ஒட்டாரு நகருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பசியிலும் நோயிலும் பலர் அங்கேயே மாண்டார்கள். போருக்குப் பிறகு மிஞ்சியவர்களாலும் சொந்தத் தீவுக்குத் திரும்பிக் குடியேற முடியவில்லை. சிவப்பு வட்டம் போட்ட விமானத்தை அழகாகச் செய்து வைக்கிறவர்கள் இதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாடல் போட்டிகளில் பக்கத்தில் வைக்கும் குறிப்புச் சீட்டில் வேகமும் துப்பாக்கி அளவும் எழுதுகிறோம். அந்த விமானம் எந்த மக்களின் கரையில் நின்றது என்பதற்கும் அதில் ஒரு வரி இடம் கொடுக்கலாம்.

தெற்கே சாலமன் தீவுகளில் கதை இன்னும் சுருக்கமாக முடிந்தது. துலாகிக்கு அருகே நிறுத்தியிருந்த யோகோஹாமா விமானப் பிரிவின் ரூஃப்கள், 1942 ஆகஸ்ட் 7 அதிகாலையில் அமெரிக்கக் கப்பல் விமானங்கள் பாய்ந்தபோது, கிளம்பக்கூட நேரமில்லாமல் தண்ணீரிலேயே எரிந்துபோயின. ஓடுதளம் தேவையில்லை என்ற அதே வசதி அன்று வினையாகிவிட்டது: ஒளிக்க மறைவிடமும் இல்லை, சட்டென்று ஓட்டிப் போகத் தளமும் இல்லை. பிறகு வேறு ரூஃப்கள் ஷார்ட்லாண்ட் தீவுகளை மையமாக்கி, குவாடல்கனாலுக்குப் போகும் கப்பல்களுக்குக் காவலாகச் சில காலம் பறந்தன. வேகத்தில் நூறு கிலோமீட்டர் குறைந்த விமானத்தோடு அமெரிக்காவின் வைல்ட்கேட் சண்டை விமானங்களை எதிர்த்துப் போன அந்த விமானிகளின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல முடியாது. அவர்களை அப்படி அனுப்பிய திட்டத்தைப் பாராட்டவும் முடியாது.

ஜப்பான் மட்டும் இதை முயலவில்லை. 1940-இல் நார்வேப் போரின்போது ஓடுதளம் கிடைக்காமல் தவித்த பிரிட்டன், ஸ்பிட்ஃபயருக்கு மிதவை பூட்டப் பார்த்தது. 1942 அக்டோபரில் சோதனை விமானி ஜெஃப்ரி குவில் ஓட்ட, இரட்டை மிதவையோடு ஸ்பிட்ஃபயர் 5 பறந்தது. மூன்று விமானங்கள் 1943-இல் எகிப்தின் பெரிய கசப்பு ஏரி வரை போயின. ஈஜியன் தீவுகளில் மறைந்திருந்து ஜெர்மன் சரக்கு விமானங்களைத் தாக்குவது திட்டம். அதற்குள் கோஸ், லேரோஸ் தீவுகள் ஜெர்மானியர் கைக்குப் போய்விட, அவை ஒரு சண்டையும் காணவில்லை. அமெரிக்கர்கள் வைல்ட்கேட்டில் மிதவை பூட்டி 1943 பிப்ரவரியில் பறக்கவிட்டார்கள். ஓடுதளங்களை அவர்கள் வேகவேகமாகப் போட்டுத் தள்ளியதால் அதற்கு வேலையே வரவில்லை. எண்ணிக்கையில் செய்து உண்மையாகவே போருக்கு அனுப்பியது ஜப்பான்தான். அலமாரியில் ரூஃபுக்கு இடம் கேட்பதற்கு எனக்கு இதுவே முக்கியமான காரணம்.

செய்து முடித்ததை எப்படி வைப்பது? ரெசின் ஊற்றிக் கடல் செய்து அதில் மிதக்க விடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படியும் முதுகெலும்பும் தண்ணீருக்குள் மறைந்துவிடும், பட்டபாடு வீணாகும். என் ஓட்டு தள்ளுவண்டிக்குத்தான். கரையில் இந்த விமானம் நின்றதெல்லாம் அந்த வண்டியின் மேல்தான். சிப்பந்திகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மிதவைக்கு அடியில் வண்டியைக் கொடுத்து, கயிறு போட்டுக் கரையேற்றுவார்கள். மறுபடி பறக்க வேண்டுமென்றால் அதே பாடு. கிட்டில் வண்டி இருந்தால் விடாமல் செய்யுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் பட்டையை வெட்டி ஒட்டலாம். மாடல் பின்னுக்குச் சாயாமலிருக்க, ஒட்டும் முன்பே மிதவையின் மூக்கில் தூண்டில் ஈயம் கொஞ்சம் போட்டுவிடுங்கள். நின்ற கோலத்தில் கீழிருந்து பார்க்கிறவர், இது எப்படித் தண்ணீரிலிருந்து எழும்பியது என்பதைத் தானே படித்துக்கொள்வார்.

ஒப்பிட்டுப் பார்க்க முழு ரூஃப் ஒன்றுகூட இன்று உலகில் இல்லை. போர் முடிந்தபின் இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் ஒன்று கிடைத்தது. பழுது பார்த்துப் பறக்க விட்ட கொஞ்ச நாளிலேயே விழுந்து நொறுங்கியது. அதனால் பழைய புகைப்படங்களே ஆதாரம். கவானிஷி கடைசியில் செய்து முடித்த க்யோஃபூ அப்படியல்ல. 97 மட்டுமே தயாரானாலும் சில பிழைத்திருக்கின்றன. டெக்சாஸின் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்கில் உள்ள பசிபிக் போர் அருங்காட்சியகத்தில் ஒன்றைச் சுற்றி வந்து பார்க்கலாம். ரூஃபை மிதவை பூட்டித் தரைவிமானத்திலிருந்து செய்தார்கள் என்றால், க்யோஃபூவில் நேர்மாறாக மிதவையைக் கழற்றிச் சக்கரம் வைத்து ஷிடென் என்ற தரைவிமானத்தைச் செய்தார்கள். ரூஃபை முடித்தவர்கள் அடுத்து எடுக்க வேண்டிய பெட்டி அதுதான். இரண்டையும் ஒரே அளவில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மிதவைக்கென்றே பிறந்த உடலுக்கும் மிதவையைப் பிறகு ஏற்றுக்கொண்ட உடலுக்கும் உள்ள வேறுபாட்டை அளவுகோலால் அளந்தே பார்த்துவிடலாம்.